துவிதக் குறிமுறையின் வரலாறு: குறியும் பொருளும்

கணனியொன்றின் நினைவகத்தில் 01000001 என்னும் எட்டிலக்கத் தொடர் பதிந்திருக்கின்றது எனக் கொள்க. அத்தொடரை எண்ணாக வாசித்தால் அது 65 ஆகும். அஸ்கி எனப்படும் நியமத்தின்படி எழுத்தாக வாசித்தால் ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தாகிய பெரிய 'ஏ' ஆகும். முழுக் கறுப்பை 0 எனவும் முழு வெள்ளையை 255 எனவும் கொண்ட படமொன்றின் புள்ளியாக வாசித்தால் கருமை மிகுந்த சாம்பல் நிறமாகும். 1974இல் வெளிவந்த இன்ரெல் 8080 என்னும் நுண்செயலிக்கு அதனைக் கட்டளையாக வழங்கினால், அச்செயலி தன் பதிவகம் ஒன்றில் உள்ளதை மற்றொன்றில் எடுத்தெழுதும். தொடர் ஒன்று, பொருள் நான்கு.

இந்நான்கு பொருள்களுள் எதுவும் அத்தொடரினுள்ளே அடங்கியிருக்கவில்லை. அதனை இன்னவாறு வாசிக்க வேண்டும் என மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டிலேயே பொருள் தங்கியிருக்கின்றது. கணனி தரவுகளைத் துவித இலக்கங்களாற் குறிக்கின்றது என்பது பாடநூல்கள் யாவும் கூறும் செய்தியாகும். அவ்விலக்கங்களுக்குப் பொருள் வகுத்தோர் யாவர், எத்தேவை கருதி வகுத்தனர், அவ்வகுப்பினுள் இடம்பெறாதவை என்னவாயின என்பன வரலாறு விடைகூற வேண்டிய வினாக்களாம். இவ்வினாக்களை முன்வைத்துத் துவிதக் குறிமுறை வளர்ந்த வரலாற்றினை இக்கட்டுரை ஆராய்கின்றது.

இரு குறிகளும் அவற்றின் பெருக்கமும்

இரண்டே குறிகளைக் கொண்டு பலவற்றை வேறுபடுத்திக் காட்டலாம் என்னும் உண்மை கணனிக்கு மிக முந்தியது. தமிழ் யாப்பிலக்கணம் கற்றோர்க்கு இது புதியதன்று. யாப்பில் அசை நேர், நிரை என இருவகைப்படும். ஈரசைச்சீர்கள் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என நான்கு. மூவசைச்சீர்கள் காய்ச்சீர் நான்கும் கனிச்சீர் நான்குமாக எட்டு. நாலசைச்சீர்கள் பதினாறு. ஓரிடம் கூடுந்தோறும் வகை இரட்டிக்கின்றது. நேரசையை 0 எனவும் நிரையசையை 1 எனவும் எழுதினால் தேமா 00, புளிமா 10, கூவிளம் 01, கருவிளம் 11 என அமையும். கணனியின் எட்டிலக்கத் தொடர் 256 வகைப்படுவதும் இப்பெருக்கத்தினாலேயே ஆகும். வடமொழியில் பிங்கலரின் சந்தஸ் சாத்திரம் குரு, லகு என்னும் இரண்டினால் அமையக்கூடிய அடிவகைகள் அனைத்தையும் நிரற்படுத்துதற்கும், ஒருவகை அந்நிரலில் எத்தனையாவது எனக் காண்பதற்கும் விதிகள் கூறுகின்றது. எனினும் இவற்றைக் கணனியின் முன்னோடிகள் எனப் பெருமை பாராட்டுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. யாப்பாசிரியர்களின் நோக்கம் செய்யுளின் ஓசைவகைகளைத் தொகுத்தலேயாம். சீர்களைப் பிறிதொரு பொருளுக்குக் குறியாக நிறுத்தும் தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

இரு குறிகளின் அடுக்கைப் பிறிதொன்றுக்குப் பதிலாக நிறுத்தும் முயற்சியினைப் பிரான்சிஸ் பேக்கனிடம் தெளிவாகக் காணலாம். 1623இல் வெளிவந்த தமது இலத்தீன் நூலொன்றில் அவர் இரண்டு குறிகளை ஐந்தைந்தாக அடுக்கி, அக்காலத்து 24 எழுத்துகளையும் குறிக்கும் இரகசிய எழுத்துமுறையொன்றை விளக்கினார். ஐந்து இடங்களில் 32 வகைகள் அமையும் ஆதலின், எழுத்துகள் யாவும் அவற்றுள் அடங்கின. இரு நிலைகள் வேறுபடத் தோன்றும் எப்பொருளாலும், மணியோசையாலோ விளக்கொளியாலோ, இம்முறையிற் செய்தி அனுப்பலாம் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். எழுத்து என்பது மையும் தாளும் சார்ந்த உருவம் என்னும் எண்ணம் இதனால் தளர்ந்தது. இரு நூற்றாண்டுகளின் பின்னர், 1829இல், பிரான்சு தேசத்தின் லூயி பிரெயில் ஆறு புள்ளிகளின் மேடும் சமமும் கொண்டு பார்வையற்றோருக்கான எழுத்துமுறையை வெளியிட்டார். விரல்நுனி ஒரு தொடுகையில் உணரத்தக்க அளவு எதுவோ அதுவே ஆறு புள்ளிகள் என்னும் வரையறையைத் தீர்மானித்தது. குறிமுறையின் அளவைப் பயன்படுத்துவோரின் தேவை தீர்மானித்தமைக்கு இது நல்லதோர் உதாரணமாகும்.

லைப்னிற்ஸின் எண்முறை

பேக்கனும் பிரெயிலும் அமைத்தவை எழுத்துகளுக்கான குறிகள். இரு இலக்கங்களைக் கொண்டு முழுமையான கணிதமுறை ஒன்றை வகுத்துப் பரப்பிய பெருமை ஜேர்மனிய மெய்யியலாளரான கொட்பிரீட் லைப்னிற்ஸைச் சாரும். ஆங்கிலேயரான தோமஸ் ஹரியற் அவருக்கு முன்னரே தமது கையெழுத்துக் குறிப்புகளில் இம்முறையைக் கையாண்டிருந்தாராயினும், அக்குறிப்புகள் அவர் காலத்தில் அச்சேறவில்லை. லைப்னிற்ஸின் முதற் குறிப்பு 1679 மார்ச் மாதத்தைச் சேர்ந்தது. பாரிசிலுள்ள அரச விஞ்ஞானக் கழகத்தின் 1703ஆம் ஆண்டுத் தொகுதியில் அவரது விளக்கக் கட்டுரை இடம்பெற்றது.

தசமமுறையில் ஒவ்வோர் இடமும் வலமிருந்து இடமாகப் பத்து மடங்காக உயர்வதுபோலத் துவிதமுறையில் இரு மடங்காக உயர்கின்றது. எனவே 1101 என்பது எட்டும் நான்கும் ஒன்றும் சேர்ந்த 13 ஆகும். இம்முறையிற் பெருக்கல் வாய்பாடு வேண்டியதில்லை. 1ஐ 1ஆற் பெருக்க 1 வரும், ஏனையவெல்லாம் 0 ஆகும் என்பதே முழு வாய்பாடுமாம். இவ்வெளிமையைக் கண்ட லைப்னிற்ஸ், 1679ஆம் ஆண்டுக் குறிப்பிலேயே, திறந்தும் மூடியும் இருக்கும் துளைகளினூடாகச் சிறு உருண்டைகள் விழுந்து கணக்கிடும் பொறியொன்றைக் கற்பனை செய்தார். ஆயினும் அவர் உண்மையிற் செய்வித்த கணிப்பொறி தசமமுறையிலேயே இயங்கியது. துவிதமுறையில் எண்கள் மிக நீள்வதால் அன்றாடக் கணக்குக்கு அதனை அவர் பரிந்துரைக்கவில்லை.

சீனாவிலிருந்த யேசுசபைக் குருவான பூவே என்பவர் 'யி சிங்' என்னும் சீன நூலின் 64 ஆறுகோட்டு உருவங்களை லைப்னிற்ஸுக்கு அனுப்பிவைத்தார். முறிந்த கோட்டை 0 ஆகவும் முறியாத கோட்டை 1 ஆகவும் வாசித்த லைப்னிற்ஸ், அவை 0 முதல் 63 வரையான எண்களே எனவும், பண்டைச் சீனர் துவித எண்முறையை அறிந்திருந்தனர் எனவும் முடிவுசெய்தார். சீன மரபில் அவ்வுருவங்கள் நிமித்தம் அறிதற்குரியவை. குறியை வரைந்தோர் கருதிய பொருளும் அதனை வாசித்தோர் கண்ட பொருளும் வேறுபட்டன. துவிதக் குறிகள் தம்மளவிற் பொருளற்றவை என்பதை, அம்முறையைப் பரப்பிய அறிஞரின் வாழ்விலேயே இந்நிகழ்ச்சி காட்டிற்று.

தந்தியும் துளையட்டையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரு குறிகள் தத்துவ நூல்களிலிருந்து தொழிற்றுறைக்கு வந்தன. பிரெஞ்சுத் தந்தித் துறையைச் சேர்ந்த எமில் போதோ 1874இல் காப்புரிமை பெற்ற முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து மின்னலகுகள் வழங்கப்பட்டன. மோர்ஸ் முறையில் எழுத்துக்கு எழுத்து நீளம் வேறுபட்டது; போதோ முறையில் நீளம் ஒன்றாக இருந்தமையால் பொறியே எழுத்துகளைப் பிரித்தறிய முடிந்தது. ஆனால் ஐந்து அலகுகளால் 32 வகைகளே உண்டு. எழுத்துகளும் எண்களும் நிறுத்தக்குறிகளும் அவற்றுள் அடங்கவில்லை. எனவே 'இனி வருவன எழுத்துகள்', 'இனி வருவன எண்கள்' என அறிவிக்கும் இரு மாற்றுக்குறிகள் ஏற்படுத்தப்பட்டன. அறிவிப்புக்குறி வழியிற் சிதைந்துபோனால், அடுத்த அறிவிப்பு வரும்வரை எழுத்துகள் எண்களாகவும் எண்கள் எழுத்துகளாகவும் அச்சாகும்.

போதோவின் குறிகள் இயக்குநரின் ஐந்து விரல்களுக்கு ஏற்ப ஒழுங்குசெய்யப்பட்டவை. நாடாவில் துளையிடும் தட்டச்சுமுறையை ஏறத்தாழ 1901இல் உருவாக்கிய டொனால்ட் மரே, அதிகம் பயிலும் எழுத்துகளுக்குக் குறைந்த துளைகளை வழங்கிப் பொறியின் தேய்வைக் குறைத்தார். ஒருவர் விரலைக் கருதினார். மற்றவர் பொறியைக் கருதினார். இருவர் வகுத்த உடன்பாடும் வேறாயிற்று.

இதே காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டுக்கு ஹேர்மன் ஹொலரித்தின் துளையட்டைகள் பயன்படுத்தப்பட்டன. ஆளொருவருக்கு அட்டையொன்று, பால், வயது, பிறப்பிடம் முதலியவற்றுக்கு உரிய இடங்களில் துளை இருத்தலும் இன்மையுமே செய்தி. ஆறு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் விவரங்கள் இவ்வாறு இயந்திரத்தால் எண்ணப்பட்டன. அம்மதிப்பீட்டில் ஒவ்வொருவரும் எட்டு இனப் பிரிவுகளுள் ஒன்றினுள் அடக்கப்பட்டனர். கறுப்பினக் கலப்புடையோர் கலப்பின் அளவுக்கேற்ப மூவகையாகப் பிரிக்கப்பட்டனர். துளைக்கான இடம் எவ்வகைக்கு ஒதுக்கப்பட்டதோ அவ்வகையினரே இயந்திரத்தின் கணக்கில் இருந்தனர். ஓர் அரசு தன் குடிகளை எவ்வாறு நோக்கியது என்பதை அட்டையின் அமைப்பிலிருந்தே அறிந்துகொள்ளலாம்.

தருக்கத்திலிருந்து மின்சுற்றுக்கு

செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, பல்கலைக்கழகப் பட்டமின்றியே அயர்லாந்தின் கோர்க் நகரக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியரான ஜோர்ஜ் பூல், 1847இலும் 1854இலும் வெளியிட்ட நூல்களில் தருக்கத்தை அட்சரகணிதமாக அமைத்தார். அவரது கணிதத்தில் ஒன்றை அதனாலேயே பெருக்கினால் அதுவே விடையாகும். சாதாரண எண்களுள் இவ்விதிக்கு அமைவன 0, 1 என்னும் இரண்டே. 1 யாவற்றையும், 0 இன்மையையும் குறித்தன.

பூலின் கணிதம் பல்லாண்டுகள் தருக்க அறிஞரிடையே மட்டும் வழங்கியது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்து மாணவராயிருந்த குளோட் ஷனன் 1937இல் எழுதிய முதுமாணிப் பட்ட ஆய்வு அதனை மின்பொறியியலுடன் இணைத்தது. தொடராகப் பொருத்திய இரண்டு ஆளிகளும் மூடியிருந்தாலன்றி மின்னோட்டம் செல்லாது. இது தருக்கத்தின் 'உம்' என்னும் இணைப்பாகும். சமாந்தரமாகப் பொருத்திய இரண்டினுள் ஒன்று மூடியிருப்பினும் மின்னோட்டம் செல்லும். இது 'அல்லது' என்னும் இணைப்பாகும். ஆளிகளைத் தக்கவாறு இணைத்தால் துவித எண்களைக் கூட்டலாம் எனவும் அவ்வாய்வு காட்டிற்று. லைப்னிற்ஸின் எண்முறையும் பூலின் தருக்கமும் ஒரே மின்சுற்றிற் சந்தித்தன.

1948இல் ஷனன் வெளியிட்ட தொடர்பாடற் கோட்பாடு, செய்தியின் அளவைத் துவித இலக்கங்களால் அளக்க வழிசெய்தது. 'பிற்' என்னும் சுருக்கப் பெயரை ஆக்கியவர் ஜோன் ரூக்கி என ஷனனே குறிப்பிட்டார். அக்கோட்பாடு செய்தியின் பொருளை வேண்டுமென்றே ஒதுக்கிவைத்தது என்பது கவனத்துக்குரியது. காதற் கடிதமும் சந்தை விலைப்பட்டியலும் அதன் அளவுகோலுக்கு ஒருதன்மையனவே. பொருளை ஒதுக்கியமையாலேயே அது எல்லாச் செய்திகளுக்கும் பொதுவாயிற்று.

தசமமா, துவிதமா?

கணனி துவிதமுறையில் அமைந்தமை இயல்பாக நேர்ந்ததென இன்று தோன்றலாம். வரலாறு அவ்வாறன்று. பேர்லினில் கொன்றாட் சூசே 1941இல் முடித்த பொறி துவிதமுறையில் இயங்கியது. ஆனால் 1946 பெப்ரவரியில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அறிமுகப்படுத்தப்பட்ட எனியாக், ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்டிருந்தும் தசமமுறையையே பின்பற்றியது. அதில் ஒவ்வொரு தசம இலக்கத்துக்கும் பத்து இருநிலைச் சுற்றுகள் வேண்டியிருந்தன. பத்திலக்க எண்ணொன்றுக்கு 100 சுற்றுகள் தேவைப்பட்டன. துவிதமுறையில் அதற்கு 34 போதுமானவை.

1946 யூனில் ஆதர் பேர்க்ஸ், ஹேர்மன் கோல்ட்ஸ்ரைன், ஜோன் வொன் நொய்மன் ஆகிய மூவரும் எழுதிய அறிக்கை துவிதமுறைக்கான நியாயங்களை முறைப்படுத்தியது. நினைவக உறுப்புகள் இயல்பாகவே இருநிலை கொண்டவை. துவிதச் சுற்றுகள் எளியவை, விரைந்தவை. தருக்கமும் ஆம், இல்லை என இரண்டாகவே இயங்குகின்றது என்பன அந்நியாயங்கள். மனிதர்க்குப் பழகிய தசமத்துக்கு மாற்றும் வேலையையும் பொறியிடமே ஒப்படைக்கலாம் என அறிக்கை காட்டியது. மின்னழுத்தத்தில் பத்து நிலைகளைப் பிழையின்றி வேறுபடுத்துவதைவிட இரண்டு நிலைகளை வேறுபடுத்துதல் எளிது என்னும் நடைமுறையுண்மையும் அதற்குத் துணைநின்றது.

எனினும் வணிகத் துறை உடனே இணங்கவில்லை. 1951இல் வெளிவந்த யுனிவாக், தசம இலக்கம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நான்கு துவித இலக்கங்களால் எழுதிற்று. நான்கு இடங்களின் 16 வகைகளுள் ஆறு வீணாயினும், பணக்கணக்குத் தசமத்திலேயே அமைந்தமை வணிகர்க்கு வசதியாயிற்று. மொஸ்கோப் பல்கலைக்கழகத்தில் 1958இல் உருவான செற்றுன் என்னும் கணனி மூன்று நிலைகளைக் கொண்டு இயங்கியது. அவ்வகையில் ஏறத்தாழ 50 பொறிகள் செய்யப்பட்டன. வேறு வழிகளும் இருந்தன என்பதையும், மலிவும் நம்பகமும் கருதியே உலகம் துவிதத்தைத் தெரிந்தது என்பதையும் இவை உணர்த்துகின்றன.

எண்ணின் எல்லை

எண்ணைக் குறித்தல் எழுத்தைக் குறித்தலைவிட ஐயமற்றது எனத் தோன்றலாம். ஆயினும் அங்கும் உடன்பாடு வேண்டியதாயிற்று. 11111111 என்பது 255 எனவும் வாசிக்கப்படும். இடக்கோடி இலக்கத்துக்கு எதிர்ப்பெறுமானம் வழங்கும் நிரப்பி முறையில் −1 எனவும் வாசிக்கப்படும். பின்னங்களில் இடர்ப்பாடு இன்னும் ஆழமானது. மூன்றிலொன்றைத் தசமத்தில் முடிவின்றி எழுத வேண்டியிருப்பதுபோலப் பத்திலொன்றைத் துவிதத்தில் முடிவின்றி எழுத வேண்டும். நினைவக இடமோ முடிவுடையது. ஆதலின் எங்கோ ஓரிடத்தில் எண் வெட்டப்படுகின்றது.

இவ்வெட்டு உயிர்களைப் பலிகொண்ட நிகழ்ச்சியும் உண்டு. 1991 பெப்ரவரி 25ஆம் நாள், வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேற்றியற் ஏவுகணைத் தொகுதியொன்று ஈராக்கிய ஏவுகணையை இடைமறிக்கத் தவறியது. 28 படையினர் உயிரிழந்தனர். அத்தொகுதியின் கடிகாரம் நேரத்தைச் செக்கனின் பத்திலொரு பங்குகளாக எண்ணி, 24 துவித இலக்கங்களில் வெட்டப்பட்ட பத்திலொன்றினாற் பெருக்கியது. ஒரு தடவைக்குரிய பிழை மிகச் சிறிது. ஆனால் தொகுதி ஏறத்தாழ 100 மணித்தியாலங்கள் தொடர்ந்து இயங்கியிருந்தது. திரண்ட பிழை செக்கனில் மூன்றிலொரு பங்காயிற்று. அந்நேரத்தில் வரும் ஏவுகணை அரைக் கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தைக் கடந்துவிடும். கணக்கில் எவரும் தவறிழைக்கவில்லை. குறிமுறையின் எல்லை போதிய அளவு கருத்திற் கொள்ளப்படவில்லை.

எழுத்துகளின் நியமம்

1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் ஒவ்வோர் உற்பத்தியாளரும் எழுத்துகளுக்குத் தத்தம் விருப்பப்படி எண் வழங்கினர். ஒரு நிறுவனத்தின் கணனியில் எழுதிய நாடாவை மற்றொன்றின் கணனியில் வாசிக்க இயலாதிருந்தது. இந்நிலையை நீக்க அமெரிக்க நியமக் குழு 1963இல் அஸ்கி எனப்படும் ஏழிலக்க நியமத்தை வெளியிட்டது. ஏழு இலக்கங்களால் 128 இடங்கள் கிடைத்தன. முதல் வெளியீட்டிற் சிறிய எழுத்துகள் இருக்கவில்லை. அவை 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தில் முறையாக இடம்பெற்றன. பெரிய 'ஏ' 65, சிறிய 'ஏ' 97. இரண்டுக்கும் ஒரு துவித இலக்கமே வேறுபாடு. எண்ணுருக்களின் குறிகளிற் கடைசி நான்கு இலக்கங்கள் அவ்வெண்ணின் பெறுமானமாகவே அமைந்தன. இவை நன்கு சிந்தித்துச் செய்யப்பட்ட ஒழுங்குகளாம்.

எனினும் 1964இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது 360 வரிசைக் கணனிகளுக்கு எட்டிலக்கம் கொண்ட வேறொரு குறிமுறையை ஏற்றது. அதில் பெரிய 'ஏ' 193 ஆயிற்று. துளையட்டை மரபில் வளர்ந்த அக்குறிமுறையும் தந்தி மரபை ஒட்டி வளர்ந்த அஸ்கியும் நெடுங்காலம் அருகருகே வழங்கின. எட்டிலக்கத் தொகுதியாகிய 'பைற்' உலகப் பொதுவான அலகாக நிலைபெற்றதற்கு அவ்வரிசைக் கணனிகள் பெருங் காரணமாயின.

அஸ்கியின் 128 இடங்கள் ஆங்கிலத்துக்குப் போதுமானவை. சுவீடிய, ஜேர்மனிய மொழியினர் தமக்குரிய மேலதிக எழுத்துகளுக்கு இடமின்றி, அடைப்புக்குறிகள் இருந்த இடங்களை எடுத்துக்கொண்டனர். இதனால் ஒரே எண் ஒரு நாட்டில் அடைப்புக்குறியாகவும் மற்றொரு நாட்டில் உயிரெழுத்தாகவும் அச்சாகியது. ஐரோப்பிய மொழிகளின் நிலையே இதுவாயின், வேறு வரிவடிவங்களைக் கொண்ட மொழிகளின் நிலை கூறாமலே விளங்கும்.

படமும் ஒலியும்

எழுத்துக்கு நெடுங்கணக்கு உண்டு. படத்துக்கும் ஒலிக்கும் அத்தகைய அலகுகள் இயற்கையில் இல்லை. அவற்றைச் செயற்கையாக ஏற்படுத்த வேண்டியிருந்தது. 1957இல் அமெரிக்கத் தேசிய நியமப் பணியகத்தில் ரசல் கேர்ஷ் தமது குழந்தையின் நிழற்படத்தை அகலத்தில் 176, உயரத்தில் 176 எனச் சதுரங்களாக்கிக் கணனியிற் பதித்தார். ஒலியைப் பொறுத்தவரை, 1982இல் விற்பனைக்கு வந்த இறுவட்டில் ஒலியலையின் உயரம் செக்கனுக்கு 44,100 தடவைகள் அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 துவித இலக்கங்களால் எழுதப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். ஏட்டின் ஒரு பக்கத்தைப் படமாகப் பதிந்தால் கணனியில் இருப்பவை புள்ளிகளே. மனிதக் கண் அப்புள்ளிகளில் எழுத்தைக் காணும். கணனிக்கோ அது எழுத்தென்று தெரியாது. ஆதலின் அப்பக்கத்தில் ஒரு சொல்லைத் தேடவோ சொற்களை அகரநிரற்படுத்தவோ இயலாது. எழுத்து எழுத்தாகவே பதியப்பட வேண்டுமாயின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஏற்கப்பட்ட எண் இருத்தல் வேண்டும். தமிழ் எதிர்நோக்கிய பிரச்சினை இதுவே.

தமிழ் எழுத்தும் குறியெண்ணும்

தமிழ் எழுத்துகளைப் பொறியில் அடக்கும் பிரச்சினை கணனிக்கு முந்தியது. யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை அமைத்தபோது 247 எழுத்துகளையும் சில பத்து விசைகளுள் அடக்க வேண்டியிருந்தது. கொம்பு, அரவு, விசிறி, புள்ளி முதலியவற்றைத் தனியுறுப்புகளாகப் பிரித்து இணைத்தலே தீர்வாயிற்று. கண்ணுக்குத் தெரியும் உருவத்தைப் பகுப்பதாக இத்தீர்வு அமைந்தது.

1980களிலும் 1990களிலும் கணனிக்கு வந்த தமிழ் எழுத்துருக்கள் பல இவ்வழியையே பின்பற்றின. ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் உருவங்களை மட்டும் தமிழ் உறுப்புகளாக மாற்றின. இலங்கைத் தமிழரிடையே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதினால், கணனி பதிவுசெய்வது ஆங்கில நெடுங்கணக்கின் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு சிறிய எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமேயாகும். அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் அப்பொருளற்ற ஆங்கிலத் தொடரே திரையில் தோன்றும். எழுத்துருவுக்கு எழுத்துரு எண்கள் வேறுபட்டமையால், ஒருவர் தட்டச்சுச் செய்ததை இன்னொருவர் வாசிக்க முடியாத நிலை நெடுங்காலம் நீடித்தது. தமிழரே பயன்படுத்தியும் தமிழ் அங்கே எண்ணளவில் இல்லாதிருந்தது.

உலக வரிவடிவங்கள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் நோக்குடன் ஒருங்குறி நியமத்தின் முதற் பதிப்பு 1991இல் வெளிவந்தது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரையான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவ்வொதுக்கீட்டுக்கு அடிப்படையாக அமைந்தது 1988ஆம் ஆண்டு இந்திய நியமமாகும். தேவநாகரி முதலிய இந்திய வரிவடிவங்கள் யாவற்றையும் ஒரே சட்டத்துள் அமைத்த அந்நியமத்தில் அகரமேறிய மெய்யே அடிப்படை அலகு. 'க' என்பதற்கு 2965 என்னும் எண் உண்டு. 'க்' என்பதற்குத் தனியெண் இல்லை. 2965ஐத் தொடர்ந்து புள்ளிக்குரிய 3021ஐ எழுதினால் அது 'க்' ஆகும். தமிழிலக்கணமோ மெய்யை அடிப்படையாகக் கொண்டு, அதன்மேல் உயிர் ஏறுதலால் உயிர்மெய் பிறக்கும் என்று கூறுகின்றது. குறிமுறை இலக்கணத்தைத் தலைகீழாக நிறுத்தியது என்னும் குறைபாடு இதனால் எழுந்தது. 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து மூன்று. ஒருங்குறியில் எண்கள் ஐந்து. இணையத்தில் வழங்கும் யு.ரி.எவ்.-8 முறையில் அவை 15 பைற்றுகளாகும். மேலும், ஏனைய இந்திய வரிவடிவங்களின் வரிசையை ஒட்டி 'ந'வின் பின் 'ன'வும் 'ர'வின் பின் 'ற'வும் வைக்கப்பட்டமையால், எண்வரிசை தமிழ் நெடுங்கணக்கு வரிசையாகாது. அகரநிரற்படுத்தலுக்கு வேறு விதிகள் வேண்டும்.

இக்குறைகளை நீக்கும் நோக்குடன் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியெண் வழங்கும் முறைகள் முன்மொழியப்பட்டன. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு தாம், தாப் என்னும் இரு குறிமுறைகளை ஏற்றது. 2010இல் ஒருங்குறியையும், அதனோடு அனைத்தெழுத்துக் குறிமுறை ஒன்றையும் நியமங்களாக அறிவித்தது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008இல் வெளியிட்ட தமிழ் எழுத்துக் குறிமுறைக்கான நியமம் ஒருங்குறியைத் தழுவியது. நடைமுறையில் ஒருங்குறியே நிலைபெற்றது. அது குறையற்றது என்பதனாலன்று. உலகக் கணனிகள் யாவும் அதனை ஏற்றன என்பதனாலேயாம். குறையுள்ள பொது உடன்பாடு, செம்மையான தனி உடன்பாட்டினை வென்றது. மொழியியல் நியாயமும் வழக்கின் வலிமையும் மோதும்போது நிகழ்வது பெரும்பாலும் இதுவே.

நியமம் ஒருமுறை செய்து முடிந்துவிடுவதுமன்று. தமிழ் எண்ணுருக்களுட் பூச்சியத்துக்கு 2005ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்தது. பழைய கணக்கேடுகளில் வழங்கிய முந்திரி, காணி, மா முதலிய பின்னக் குறிகள் 2019இல் இணைக்கப்பட்டன. ஏடுகளை ஆராய்ந்து சான்றுகளுடன் விண்ணப்பித்தமையாலேயே அவை இடம்பெற்றன.

முடிவுரை

நேரும் நிரையும் முதல் ஒருங்குறி வரை நோக்குமிடத்து, இரண்டு குறிகளின் அடுக்கு என்னும் கருத்து அன்றுதொட்டு மாறவில்லை என்பது புலனாகும். மாறியவை அவ்வடுக்குக்குப் பொருள் வழங்கிய உடன்பாடுகளாம். தந்திப் பணியாளரின் விரல்களும், குடிசன மதிப்பீட்டாளரின் இனநோக்கும், வணிகரின் பணக்கணக்கும், ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் அவ்வுடன்பாடுகளில் தத்தம் சுவடுகளைப் பதித்துச் சென்றுள்ளன. உடன்பாடு மறக்கப்பட்டால் இலக்கங்கள் எஞ்சியிருந்தும் பொருள் அழிந்துபோகும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சாகி இன்று வாசிக்க இயலாது கிடக்கும் தமிழ்க் கோப்புகள் இதற்குச் சான்றாகும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இலங்கைத் தமிழ் மின்னூலகத்திற் பெருந்தொகையான நூல்களும் இதழ்களும் பக்கப் படங்களாகப் பேணப்பட்டு வருகின்றன. அப்பக்கங்கள் அழிவிலிருந்து காக்கப்பட்டமை பெரும்பேறு. அவற்றிலுள்ள எழுத்துகளை எழுத்துகளாகவே பதியும் வேலை இன்னும் மிகுதியாக உள்ளது.

அவ்வேலை கணனி அறிஞரால் மட்டும் முடிவதன்று. எவ்வெழுத்து அலகாகும், எவ்வரிசை சரியாகும், எக்குறி விடுபட்டது என்னும் வினாக்களுக்கு இலக்கணமும் சுவடியியலும் வரலாறும் கற்றோரே விடைகூறல் வேண்டும். 1988இலும் 1991இலும் தமிழுக்கு இடம் வகுக்கப்பட்டபோது அத்தகையோரின் குரல் வலுவாக ஒலித்திருந்தால் 'க்' என்னும் எழுத்துக்குத் தனியெண் ஒன்று கிடைத்திருக்கவுங்கூடும். இனி வகுக்கப்படும் நியமங்களிலேனும் அக்குரல் உரிய காலத்தில் ஒலித்தல் வேண்டும்.